மலைக்கு அப்பால் பார்க்க முடியுமா?

அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் தீர்த்தமலை இருக்கிறது. மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில். அதை ஒட்டிய செங்குத்துப் பாறையிலிருந்து இராமர் தீர்த்தம் கொட்டிக்கொண்டிருக்கும். அந்த மலை கண்ணுக்குத் தெரியும் ஒரு சிற்றூரில் என் சிறுவயது கழிந்தது. எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது எங்கள் அத்தையின் கம்மல் ஒன்று காணாமற் போயிற்று.

வீடு முழுவதும் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் மை போட்டுப் பார்ப்பவர் ஒருவர் இருந்தார். "எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் மையில் தெரிந்துவிடும்" என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த செய்தி. தாத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சின்னப் பையன் கண்ணுக்குத்தான் மை தெரியும் என்பார்கள்.

விளக்கை ஏற்றி, வெற்றிலையில் பளபளக்கும் கறுப்பு மையைத் தடவி என் கையில் கொடுத்தார் அவர். "கண் கொட்டாமப் பாரு கண்ணு. யாராச்சும் தெரியறாங்களா?" என்றார். எனக்குத் தெரிந்தது விளக்குச் சுடரும் என் முகமுந்தான். வெகுநேரம் பார்த்த பிறகு அதுவும் அசைவதுபோல் இருந்தது. தாத்தா காத்திருக்கிறாரே என்று "ஆமாம்" என்றேன். "பொம்பளையா?" "ஆமாம்." "வீட்டுக்கு வந்து போற ஆளா?" "ஆமாம்." "கிழக்கால போறாங்களா?" "ஆமாம்."

எங்கள் வீட்டுக்குக் கிழக்குத் தெருவிலிருந்து நாள்தோறும் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஓர் அம்மா இருந்தார். மறுநாளிலிருந்து அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கேழ்வரகுக் குதிரைத் துப்புரவு செய்தபோது, அடியில் கம்மல் கிடைத்தது. மை பொய் சொல்லிவிட்டது என்று யாராவது சொன்னார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை. "மை போட்டது தெரிந்து, பயந்துபோய்க் கொண்டுவந்து போட்டுவிட்டாள்" என்றார்கள். கம்மல் கிடைக்காவிட்டால் அவர் திருடி; கிடைத்தாலும் அவரே திருடி. அந்த அம்மா பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. எதிரே வந்தால் நான் வேறு சந்தில் திரும்பிவிடுவேன்.

கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருப்பதை உள்ளத்தால் காண முடியும் என்று சொல்வது நம் ஊரில் மட்டுமல்ல. ஞானதிருஷ்டி, மைப்பார்வை என்று நாம் சொல்வதை, ஆராய்ச்சியாளர்கள் புலன் கடந்த உணர்வு என்ற பெரிய தலைப்பின் கீழ் வைக்கிறார்கள். (தொலைக்காட்சி என்றே இதற்குப் பெயர் வைத்திருக்கலாம். அந்தப் பெயரை வேறொரு பெட்டி எடுத்துக்கொண்டது!) இது உண்மையா என்று எப்படிச் சோதிப்பது? முடியாது என்று சிரித்துவிட்டுப் போவதும் சோதனை ஆகாது. நம்பிவிடுவதும் சோதனை ஆகாது.

கெய்ரோவில் ஒரு சிறுவன்

என் கையில் வெற்றிலை கொடுக்கப்பட்டதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் இதே வேலை நடந்துகொண்டிருந்தது. எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேய அறிஞர் 1836 இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே வெற்றிலை இல்லை. ஒரு சிறுவனின் உள்ளங்கையிலேயே மையை ஊற்றினார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று வந்தவர் பெயர் சொல்ல, சிறுவன் மையைப் பார்த்து அவர் உருவத்தை வருணிப்பான்.

லேன் நெல்சன் பிரபுவின் பெயரைச் சொன்னார். ஆங்கிலக் கடற்படைத் தலைவரான நெல்சன் 1797 இல் நடந்த போரில் வலக்கையை இழந்தவர். வெறும் சட்டைக் கையை மார்போடு சேர்த்துக் குத்திக்கொள்வது அவர் வழக்கம். சிறுவன், கறுப்பு ஐரோப்பிய உடை அணிந்த ஒருவர் தெரிகிறார் என்றான். அவருக்கு இடக்கை இல்லை என்றான். சற்றுப் பொறுத்து, இல்லை, கை மார்பின்மேல் வைத்திருக்கிறது என்றான். லேன் வியந்துபோனார். இடக்கை என்றானே? அதற்கும் விளக்கம் இருந்தது: மையில் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் தெரியுமாம்!

இந்த விளக்கத்தைச் சற்று நிறுத்திப் பாருங்கள். சிறுவன் வலக்கை என்று சொல்லியிருந்தால் அது நேரடி வெற்றி. இடக்கை என்றதால் கண்ணாடி வெற்றி. இரண்டும் வெற்றியென்றால், இந்தக் கேள்விக்குத் தோல்வி என்ற விடையே கிடையாது. எங்கள் வீட்டுக் கம்மலின் கதையும் இதுதானே?

லேன் நேர்மையானவர். அந்த மந்திரவாதி பின்னாளில் அடிக்கடி தோற்பதைக் கண்டார். முன்பு இருந்த மொழிபெயர்ப்பாளர் கேள்வி கேட்கும்போதே தம்மையறியாமல் விடையைக் கசியவிட்டிருக்க வேண்டும் என்று பிந்தைய பதிப்பில் எழுதினார். "பொம்பளையா? கிழக்கால போறாங்களா?" என்று என்னைக் கேட்டதும் இந்த வகையே. விடை மையில் இல்லை, கேள்வியில் இருந்தது.

கோவூரின் உறை

வருணனை என்பது ரப்பரைப் போன்றது. "ஒரு மலை தெரிகிறது, பாறை, தண்ணீர் விழுகிறது, கூட்டம் நிற்கிறது" என்று ஒருவர் சொன்னால் அது தீர்த்தமலைக்குப் பொருந்தும். ஒகேனக்கல்லுக்கும் பொருந்தும். குற்றாலத்துக்கும் பொருந்தும். நாம் எந்த இடத்தை மனத்தில் வைத்திருக்கிறோமோ அந்த இடத்துக்கு அதை இழுத்துப் பொருத்திக்கொள்கிறோம்.

இந்த ரப்பரை அறுத்தெறிந்தவர் டாக்டர் ஆபிரகாம் கோவூர். 1898 இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தவர். 1928 இல் இலங்கைக்குச் சென்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தார். பிறகு இலங்கையின் வேறு சில கல்லூரிகளிலும் ஆசிரியராக இருந்து 1959 இல் ஓய்வு பெற்றார். தமக்கு அபூர்வ சக்தி உண்டு என்போர் ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையில் அதைச் செய்து காட்டினால் ஒரு லட்சம் இலங்கை ரூபாய் தருவதாக 1963 இல் அறிவித்தார். அவர் கொடுத்த பட்டியலில் இருபதுக்கும் மேற்பட்ட செயல்கள் இருந்தன. ஏதாவது ஒன்றைச் செய்தால் போதும். அவற்றில் ஒன்று: முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் வரிசை எண்ணைப் படித்துச் சொல்வது.

எவ்வளவு எளிய சோதனை! அதற்குள் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கிறது பாருங்கள். எண் என்பது வருணனை அல்ல. இழுத்துப் பொருத்த முடியாது. ஏழு என்றால் ஏழுதான். உறையைப் பிரித்தால் சரியா தவறா என்று பத்து வயதுச் சிறுமிகூடத் தீர்ப்புச் சொல்லிவிடலாம். பெரிய பண்டிதர் தேவையில்லை. ஊகித்துச் சொல்லவும் வழியில்லை. ஆறு இலக்க எண்ணைக் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்ல 10 லட்சத்தில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. போட்டிக்கு வருவோர் 1,000 ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும், வென்றால் பரிசோடு அதுவும் திரும்பக் கிடைக்கும் என்றும் நிபந்தனை வைத்தார். விளம்பரத்துக்காக வருவோரைத் தடுக்க இந்த ஏற்பாடு.

கோவூர் 1978 இல் காலமானார். அதுவரை யாரும் அந்தப் பரிசை வாங்கவில்லை. அவருக்குப் பின் அதே அறைகூவலைத் தொடர்ந்தவர் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த். அவர் 2009 இல் மறையும் வரையிலும் பரிசு அப்படியே இருந்தது.

யாரும் வெல்லாததாலேயே அந்தச் சக்தி இல்லை என்று ஆகிவிடுமா? கறாராகச் சொன்னால், ஆகாது. இருப்பதாகச் சொன்னவர்கள் காட்டவில்லை என்பதே நமக்குத் தெரிவது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சீட்டுகளும் சன்னல்களும்

பரிசுப் போட்டி ஒரு வழி. ஆய்வுக்கூடத்தில் பல நூறு முறை திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது இன்னொரு வழி. 1930களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜே. பி. ரைன் இதைத் தொடங்கினார். வட்டம், கூட்டல் குறி, அலை, சதுரம், நட்சத்திரம் என ஐந்து குறிகள். குறிக்கு ஐந்து வீதம் ஒரு கட்டில் 25 சீட்டுகள். பார்க்காமல் ஊகித்தாலே சராசரியாக ஐந்து சரியாகிவிடும். அதைவிடத் தொடர்ந்து அதிகமாக வந்தால் ஏதோ இருக்கிறது என்று பொருள்.

1933, 1934ஆம் ஆண்டுகளில் நடந்த ஒரு சோதனை புகழ்பெற்றது. ஹியூபர்ட் பியர்ஸ் என்ற மாணவர் நூலகத்தில் உட்கார்ந்திருப்பார். நூறு கெஜத்துக்கு அப்பால், வேறு கட்டடத்தில், ஆய்வாளர் பிராட் நிமிடத்துக்கு ஒரு சீட்டை எடுத்து, தாமும் பார்க்காமல் கவிழ்த்து வைப்பார். பியர்ஸ் அது என்ன குறி என்று எழுதுவார். கட்டு முடிந்ததும் பிராட் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்துக் குறித்துக்கொள்வார். மொத்தம் 1,850 சீட்டுகள். தற்செயலாக எதிர்பார்க்கக்கூடியது 370. பியர்ஸ் சரியாகச் சொன்னது 558!

இது தற்செயல் அல்ல. கணக்கு அதை ஐயமின்றிச் சொல்லும். ஆனால் கணக்கு சொல்வது அவ்வளவுதான். தற்செயல் இல்லையென்றால் வேறு என்ன என்பதைக் கணக்கு சொல்லாது. பின்னாளில் ஹான்செல் என்ற உளவியலாளர் அந்தக் கட்டடங்களை நேரில் பார்த்துவந்து ஒரு கேள்வி கேட்டார். பிராட் அறையில் இருந்தார். பியர்ஸ் நூலகத்தில்தான் இருந்தார் என்பதை யார் பார்த்தார்கள்? ஒருவரும் இல்லை. அவர் எழுந்துவந்து, பிராட் கடைசியில் சீட்டுகளைத் திருப்பும்போது கதவுக்கு மேலிருந்த சன்னல் வழியே எட்டிப் பார்த்திருக்க முடியும்.

பியர்ஸ் அப்படிச் செய்தார் என்று ஹான்செல் நிரூபிக்கவில்லை. இன்று யாராலும் நிரூபிக்க முடியாது. அவர் செய்யவில்லை என்றும் நிரூபிக்க முடியாது. ஒரு மனிதரை நூலகத்தில் உட்கார வைத்திருந்தால் தீர்ந்துபோயிருக்கும் ஐயம் அது. 1,850 சீட்டுகளின் உழைப்பும் அந்த ஓர் ஓட்டை வழியே ஒழுகிப் போயிற்று. எனக்கு பியர்ஸ் மீதுதான் இரக்கம் வருகிறது. அவர் நேர்மையாளராக இருந்திருந்தால், அதைக் காட்ட அவருக்கு வழியே வைக்கப்படவில்லை.

இத்தகைய ஆய்வு நம் நாட்டிலும் பல்கலைக்கழக அளவில் நடந்தது. ரைனோடு பணியாற்றிய கே. இராமகிருஷ்ண ராவ் 1967 இல் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் உளவியலோடு சேர்த்து இதற்கும் ஒரு துறை தொடங்கினார்.

நீதிபதிக்குக் கிடைத்த துப்பு

1970களில் சோதனை சீட்டிலிருந்து ஊருக்குள் வந்தது. கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ரஸ்ஸல் டார்க், ஹரால்டு புட்ஹாஃப் என்ற இரு இயற்பியலாளர்கள் புது முறை ஒன்றைக் கையாண்டனர். ஒருவர் காரில் ஏறி, குலுக்கலில் வந்த ஏதோ ஓர் இடத்துக்குப் போய் நிற்பார். ஆய்வுக்கூடத்தில் அடைபட்டிருக்கும் 'தொலைநோக்கர்' அந்த இடத்தை மனத்தால் கண்டு வாயால் வருணிப்பார், படமும் வரைவார். எல்லா வருணனைகளும் சேர்ந்த பிறகு, ஒரு நீதிபதி ஒவ்வோர் இடத்துக்கும் போய்ப் பார்த்து, எந்த வருணனை எந்த இடத்துக்குப் பொருந்துகிறது என்று தீர்ப்பளிப்பார். பாட் பிரைஸ் என்பவரின் ஒன்பது வருணனைகளில் ஏழு சரியாகப் பொருந்தின. 1974 இல் புகழ்பெற்ற 'நேச்சர்' இதழில் கட்டுரை வெளிவந்தது.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டேவிட் மார்க்ஸ், ரிச்சர்டு காமன் என்ற இரு உளவியலாளர்கள் இதை 35 முறை செய்து பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. வேடிக்கை என்னவென்றால், வருணனை தந்தவர்களும் நீதிபதிகளும் ஒவ்வொரு முறையும் "அடடா, அப்படியே பொருந்துகிறதே!" என்று வியந்தார்கள். இடமோ வேறாக இருக்கும்! ரப்பரின் வேலை அது.

அப்படியானால் கலிபோர்னியாவில் மட்டும் எப்படிப் பொருந்திற்று? மார்க்ஸ் அங்கே பதிவான பேச்சுகளைத் தேடிப் படித்தார். விடை அங்கே இருந்தது. பேச்சுக்கிடையே "நேற்றுப் பார்த்த இரண்டு இடங்கள்" என்று ஒரு சொல் வரும். இது மூன்றாவது இடம் என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். இன்னொன்றில் ஆய்வாளர், முன்பு மூன்று முறை வெற்றி பெற்றதைச் சொல்லி ஊக்கப்படுத்துவார்; அப்படியானால் இது நான்காவது. நீதிபதிக்குத் தரப்பட்ட இடங்களின் பட்டியலோ போய்வந்த வரிசையிலேயே இருந்தது! இந்தத் துப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த இடங்களுக்குப் போகாமலேயே, மார்க்ஸ் வருணனைகளைச் சரியாகப் பொருத்திக் காட்டினார். 1978 இல் இதுவும் 'நேச்சர்' இதழிலேயே வந்தது.

யாரும் ஏமாற்றியதாக இங்கே பேச்சில்லை. பேச்சுவாக்கில் வந்த சொற்கள் அவை. எனினும் மாணவர்களே, சோதனையில் கசிவு என்பது பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. துப்புகளை நீக்கிவிட்டுத் தீர்ப்பளித்தாலும் பொருந்துகிறது என்று 1980 இல் மறுதரப்பு எழுதிற்று. துப்புகள் முழுவதும் நீங்கவில்லை என்று 1986 இல் மார்க்ஸ் மீண்டும் எழுதினார். இதற்கிடையில் அமெரிக்க அரசு வேவு பார்க்கும் வேலைக்கு இது உதவுமா என்று இருபது ஆண்டுகளுக்கு மேல் பணம் செலவிட்டது. 1995 இல் அதை மதிப்பிட்ட இருவரில் புள்ளியியல் அறிஞர் ஜெசிகா அட்ஸ் ஏதோ விளைவு இருக்கிறது என்றார். உளவியல் அறிஞர் ரே ஹைமன் நிறுவப்படவில்லை என்றார். வேவுத் தொழிலுக்குப் பயன்பட்டதாகச் சான்று இல்லை என்பதால் அத்திட்டம் அவ்வாண்டே மூடப்பட்டது.

தீர்த்தமலையில் ஒரு சோதனை

இனி நாமே ஒரு சோதனையைத் திட்டமிடுவோமா? அரூரில் ஒரு பள்ளி அறையில் உட்கார்ந்து, தொலைவில் நண்பன் நிற்கும் இடத்தைச் சொல்வதாக ஒருவர் முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் மலையும் காடும் இருந்தால் என்ன, தூரம் ஒரு பொருட்டல்ல என்கிறார். நமக்குத் தெரிந்த ஒளியும் ஒலியும் தொலைவு கூடக்கூடக் குறைகின்றன. மூளையின் மின்னலைகளோ, தலையில் மின்வாய்களை ஒட்டவைத்தால்கூட மைக்ரோவோல்ட் கணக்கில்தான் அளவாகின்றன. ஆகவே அவர் சொல்வது நம் இயற்பியலுக்குப் புதிது. புதிது என்பதற்காகத் தள்ள வேண்டாம், கவனமாகச் சோதிப்போம்.

ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஐந்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். தீர்த்தமலை மேல் இராமர் தீர்த்தம், அனுமந்தீர்த்தத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரை, அரூர் பேருந்து நிலையம், ஒரு மாந்தோப்பு, ஒரு பள்ளி வகுப்பறை என்று வைத்துக்கொள்ளலாம். தீர்த்தமும் ஆறும் இரண்டும் தண்ணீர்தானே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி; ஒன்றை மாற்றிவிட்டுப் புளியமரச் சாலை என்று வைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து சீட்டுகளில் இடங்களை எழுதி, மடித்து, ஒரு குடுவையில் போடுங்கள். போகிற நண்பன், சொல்பவரின் அறையைவிட்டு வெளியேறி, பள்ளி வாசலையும் தாண்டிய பிறகே ஒரு சீட்டை எடுக்க வேண்டும். முடிந்ததும் அதை மீண்டும் குடுவையிலேயே போட்டுவிட வேண்டும். ஏன் தெரியுமா? போடாவிட்டால், "நேற்று மலை வந்துவிட்டது, இன்று வராது" என்று கழித்துக் கழித்தே ஊகித்துவிடலாம்.

சொல்பவருடன் அறையில் இருக்கும் கண்காணிப்பாளருக்கும் இடம் தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் முகமே காட்டிக்கொடுக்கும். நான் மையைப் பார்த்தபோது எதிரே இருந்தவரின் முகத்தையும் பார்த்துக்கொண்டுதான் "ஆமாம்" சொன்னேன். கைப்பேசிகள் இரு பக்கமும் கூடாது. நண்பன் உடனே திரும்பிவரவும் கூடாது. போய்வந்த நேரத்தை வைத்தே தூரத்தைக் கணக்கிட்டுவிடலாம். குறித்த நேரத்தில் நண்பன் அங்கே நிற்க, இங்கே இவர் படம் வரையட்டும், எழுதட்டும், எதுவேண்டுமானாலும் செய்யட்டும். முடிவில் ஐந்து புகைப்படங்களையும் அவர் முன் பரப்பி, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தேர்ந்தெடுத்ததை மையால் எழுதிக் கையெழுத்திட்டு உறையில் ஒட்டிவிடுங்கள். இப்படிச் செய்தால் நீதிபதியே வேண்டாம். வருணனை ரப்பராக நீள வழியில்லை. (மலைக்குப் போகிற நண்பன் சீட்டைச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். குரங்குகள் எதையும் பிடுங்கும்.)

இதை 15 முறை செய்யுங்கள். வெறும் ஊகத்தில் ஒவ்வொரு முறையும் சரியாவதற்கு ஐந்தில் ஒரு வாய்ப்பு. ஆகவே சராசரியாக 3 சரியாகும். 4, 5 வந்தால் வியப்பில்லை. 6 அல்லது அதற்கு மேல் வர நூற்றுக்குச் சுமார் 6 வாய்ப்பு உண்டு. 8 அல்லது அதற்கு மேல் வர ஆயிரத்துக்குச் சுமார் 4 தான். எனவே '8 வந்தால் வெற்றி' என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். முன்கூட்டியே என்ற சொல்லைக் கவனியுங்கள். முடிவைப் பார்த்த பிறகு கோட்டைப் போடுவது, அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் வரைவது போல.

6 வந்தாலே போதாதா என்று தோன்றலாம். உங்கள் வகுப்பில் 40 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். 40 பேரும் இந்தச் சோதனையைச் செய்தால், எவருக்கும் எந்தச் சக்தியும் இல்லாமலேயே, இரண்டு மூன்று பேருக்கு 6 வந்துவிடும். அந்த இருவரை மட்டும் அழைத்துப் பத்திரிகையில் படம் போட்டால் ஊரே நம்பும். மற்ற 38 பேரை யார் படம் எடுக்கப் போகிறார்கள்?

இன்னொரு கணக்கு, நீங்களே காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். ஐந்து வருணனைகள், ஐந்து இடங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றுக்கொன்று சேர்க்கிறீர்கள். சேர்க்கும் முறைகள் மொத்தம் 120. அவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாதவை 44 மட்டுமே. அதாவது மீதி 76 முறைகளில், நூற்றுக்கு 63 என்ற அளவில், ஒன்றாவது சரியாக அமைந்துவிடும். "பாருங்கள், ஆற்றங்கரையை அப்படியே சொல்லிவிட்டாரே!" என்று வியக்க இது போதும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. நிபந்தனைகள் முழுவதையும் எழுதி, சொல்பவரிடம் கொடுத்து, "இந்த முறையில் உங்களால் முடியும் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேளுங்கள். அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது என்றால் காலையில் வையுங்கள். விளக்கு வேண்டும் என்றால் ஏற்றிக்கொடுங்கள். நம்பாதவர் அருகில் இருந்தால் சக்தி வேலை செய்யாது என்றால், நம்புகிறவரையே கண்காணிப்பாளராக வையுங்கள். அவருக்கும்தான் இடம் தெரியாதே! எல்லாம் சரியென்று அவர் கையெழுத்திட்ட பிறகே தொடங்குங்கள். தோற்ற பின் "இன்று நாள் சரியில்லை" என்ற பேச்சு எழாது. அவரிடம் மரியாதையாக நடந்துகொள்ளுங்கள். இத்தகையோரில் பலர் தங்கள் சக்தியைத் தாங்களே மனமார நம்புகிறவர்கள். அந்த மைக்காரரும் அப்படிப்பட்டவர்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

முடிவு 2 அல்லது 3 அல்லது 5 வந்தால், இவர் இந்தச் சோதனையில் காட்டவில்லை என்று மட்டும் எழுதுங்கள். 8 வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். வேறு ஐந்து இடங்கள், வேறு நண்பன், வேறு கண்காணிப்பாளர் என்று எல்லாவற்றையும் மாற்றி இன்னொரு 15 செய்யுங்கள். எந்தச் சன்னல் திறந்திருந்தது என்று தேடுங்கள். ஒன்றும் அகப்படாமல் மறுபடியும் 8 வந்தால், வேறு ஊர்ப் பள்ளிக்கு உங்கள் தாள்களை அனுப்பி அவர்களையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். தவறிய தாள்களையும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

கம்மலுக்கும் இதே முறைதான். மை போட்டவுடன் "கம்மல் இருக்கும் இடத்தை ஒரு தாளில் எழுதுங்கள்; ஆள் யாரென்று சொல்ல வேண்டாம், இடத்தை மட்டும் எழுதுங்கள்" என்று தாத்தா கேட்டிருக்கலாம். அந்தத் தாளை மடித்து, விளக்குமாடத்தில் வைத்துவிட்டு வீட்டைத் தேடியிருக்கலாம். இரண்டு மாதம் கழித்துக் குதிருக்கடியில் கம்மல் கிடைத்த அன்று, எல்லார் முன்னாலும் தாளைப் பிரித்துப் படித்திருக்கலாம்.